கனகதாசின் வாய் கோணினால்

கனகதாசைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் ஊரில் ஆள் உண்டு. நாலையும் சொல்லி முடித்த பிறகு ‘ஆனாலும்...’ என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த ‘ஆனாலும்’தான் அவன் தொழில். இருபத்துநாலு வருடமாக முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வாழைக்கும் பயறுக்கும் பாவைக்காய்க்கும் மருந்து அடித்தவன். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி எங்கள் ஊரில் இறங்கி, மருந்தடிக்கிற கனகதாஸ் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டித் தருவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டே காட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாறசாலையில் போட்டோஸ்டாட் கடை. மிஷன் காலத்தில் கட்டிய எங்கள் சபையில் கமிட்டி மெம்பர். தொண்டை பெரிது என்ற ஒரே தகுதியால், அறுப்பின் பண்டிகை அன்று நடக்கும் ஏலத்தை வருடந்தோறும் நான்தான் கூறுகிறேன். கனகதாஸ் என்னை அண்ணே என்பான். சொந்தம் ஒன்றும் கிடையாது, ஆராதனையில் ஒரே பெஞ்சில் உட்கார்கிறவர்கள், அவ்வளவுதான். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பங்கு அல்ல.

ஆள் ஒல்லி. பம்பு முதுகில் இருந்தால் நிமிர்ந்து நடப்பான், இறக்கி வைத்தால் கூனிப்போவான். கூலி டாங்குக் கணக்கு, ஒரு பம்பு மருந்து ஒரு டாங்கு. காலை வெயில் ஏறும் முன்பே பத்து டாங்கு அடித்துவிட்டு, மற்றவன் நாள் முழுக்க மண் வெட்டி வாங்குவதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். தென்னை ஏறுகிறவனை விட்டால் ஊரில் அவனைப் போலக் கூலி வாங்கியவன் இல்லை. அதற்கு விலையாக அவன் கண் எப்போதும் சிவந்திருக்கும், உள்ளங்கைத் தோல் வருடத்துக்கு இரண்டு தடவை உரியும். மூக்கில் ஒரு துவர்த்துத் துண்டைக் கட்டுவான், அது பாதி நேரம் கழுத்தில் கிடக்கும். ஒரு தடவை ஆஸ்பத்திரி டாக்டர், இந்த வேலையை உடனே விடு என்று கண்டிப்பாகச் சொன்னார். சரி, அப்படியே வேறு ஒரு வேலையும் இந்தச் சீட்டில் எழுதித் தாருங்கள் என்று இவன் கேட்டானாம். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அவன் மனைவி விமலகுமாரிக்கும் வயலில்தான் வேலை. களை பறிக்கும் கூட்டம் ஒன்றுக்கு அவள் தலைவி. அவளையும் சேர்த்து எட்டுப் பெண்கள். எந்தத் தோட்டத்தில் எந்த வாரம் இறங்குவது, யார் எந்த வரியில் குந்துவது எல்லாம் அவள் சொல்வதுதான். அவள் கூட்டம் இறங்கிய வயலில் ஒரு கோரைப் புல்லைத் தேடிப் பிடித்தால் பரிசு தரலாம். அவர்களுக்கு அதிகம் வேலை கொடுத்தவர் ஜெயதாஸ். நாலு ஏக்கர் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏத்தன் வாழையும் பயறும் போட்டிருக்கும் பெரிய கை. சபையில் முன்வரிசை.

ஒரு திங்கட்கிழமை ஜெயதாஸ் புது மருந்து ஒன்று வாங்கிக் கொடுத்து, பூச்சிக்கு அல்ல, புல்லுக்கு அடிக்கணும் என்றார். கனகதாஸ் எதையும் கேட்காமல் அடித்தான். ஏழு மணிக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு வரப்பில் வந்து நின்ற விமலகுமாரியும் கூட்டமும் பார்த்தது, வயலில் பாதியை முடித்துவிட்டு அடுத்த டாங்குக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த அவள் புருஷனை. எட்டுப் பேர் மூன்று நாள் குந்திச் செய்கிற வேலை. ஒன்பது மணிக்குள் முடிந்தது. அவனுக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தானாம், பாவி.

விமலகுமாரி வரப்பில் நின்றபடியே சொன்னாள்: "எட்டுப் பெண்ணுங்களுக்க சோத்த ஒரு பம்புல அடிச்சுப்போட்டிய. இனி வீட்டில வந்து எங்கிட்ட சோறு கேக்கப்பிடாது."

ஒரு வாரம் அவன் என் கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் புரோட்டா தின்றான். எனக்குச் சிரிப்பாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

களை பறிக்கும் வேலை போனதும் பெண்கள் தொழிலுறப்பு வேலைக்குப் போனார்கள். பஞ்சாயத்து கொடுக்கும் நூறு நாள் வேலை, கூலி குறைவு, ஆனாலும் வேலை. தோடு சுத்தம் செய்யச் சொன்னார்கள். தோடு என்றால் எங்கள் வயல்களின் நடுவே ஓடும் ஓடை. மழை பெய்தால் எல்லாத் தோட்டத்துத் தண்ணீரும் அதில்தான் இறங்கும். கனகதாஸ் அடித்த மருந்தும் சேர்ந்து இறங்கும். பெண்கள் இரண்டு நாள் முழங்கால் ஆழத்தில் நின்றார்கள், மூன்றாம் நாள் எட்டுப் பேருக்கும் காலில் சொறி. அவர்களில் வாய் நீளமான ஷிஜா, பாவாடையை முட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டு மெம்பர் வீட்டு முற்றத்திலேயே போய் நின்றாள். மெம்பர் பயந்து வேலையை நிறுத்தினார். ஆனால் தோட்டுக் கரையில் புல் வளர்ந்துகொண்டே இருந்தது. பெண்கள் இறங்க மாட்டார்கள், என்ன செய்வது? மெம்பர் யோசித்து யோசித்து, புல்லுக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிட்டார். யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஒரே பெண்டாட்டியின் வேலையை இரண்டு தடவை பறித்தவன் இந்தக் கேரளத்தில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதோடும் நிற்கவில்லை. தோட்டுக்குக் கீழே சிபியின் மீன் குளம். சிபி துபாயில் இருந்து வந்து, சம்பாதித்ததை எல்லாம் குளத்தில் போட்டு, இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்து மீன் வளர்த்தான். அடுத்த பெருமழையின் மறுநாள் காலையில் மீன் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. சம்பளக்காரர் இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. அவர்களில் ஒருவன் நேரே கனகதாஸ் வீட்டுக்குப் போய், பம்புக்குத் தண்ணீர் சுமக்க ஆள் வேண்டுமா என்று கேட்டான். வேலையைக் கொன்றவனிடமே வேலை கேட்டுப் போக வேண்டியிருந்தது. மருந்தைத் தவிர எந்த வேலையும் அப்போது ஊரில் வளரவில்லை.

கனகதாசுக்கு இதெல்லாம் உறைக்காமல் இல்லை. உறைத்தது நாக்கில். எந்தத் தோட்டத்தில் அடித்தாலும், வேலை முடிந்ததும் இரண்டு பிடி பயறோ ஒரு சீப்புப் பழமோ கொடுப்பது வழக்கம். அதை அவன் வாங்குவதே இல்லை. பதிலாகப் பாறசாலைச் சந்தையில் தாணுமாலயன் கடையில் காசு கொடுத்துப் பயறு வாங்குவான். சந்தைக்கு வருவதே எங்கோ எவனோ அடித்தது தானே, அதை மட்டும் எப்படித் தின்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது யாரு அடிச்சதுண்ணு எனக்குத் தெரியாதில்லியா அண்ணே," என்றான். "தெரியாதத நிம்மதியாத் திங்கலாம்."

தாணுமாலயனின் பயறில் பாதி ஜெயதாஸ் தோட்டத்தில் இருந்துதான் போகிறது. அது எனக்கும் தெரியும், தாணுமாலயனுக்கும் தெரியும். அவர் ஒரு நல்ல வாடிக்கையாளனை இழக்க விரும்பவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள்.

இனி ஏலத்துக்கு வருகிறேன். எங்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தை வெளியூர்க்காரர் பார்த்தால் இந்த ஊருக்கே புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார். விளைந்ததில் முதல் தரமானதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்து, வெளியே பந்தலில் ஏலம். ஒரு தேங்காய் அறுநூறு ரூபாய்க்குப் போகும். ஒரு கோழிமுட்டைக்கு மைத்துனனும் மைத்துனனும் போட்டி போட்டு ஆயிரத்தில் நிறுத்துவார்கள். அது சாமானுக்குக் கொடுக்கிற காசு அல்ல, தேவனுக்குக் கொடுக்கிற காசு. ஆனால் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்னத்தான் செய்வார்கள். கொண்டுவந்து வைத்தவன் தன் சாமானைத் தானே கேட்கக் கூடாது, அது எங்கள் எழுதாத சட்டம். அதனால் உன் குலை என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் அந்த வருடம் ஊரில் உன் மதிப்பு. ஜெயதாசின் ஏத்தன் குலை என்றைக்கும் முதல் விலைக்குப் போகும்.

இரண்டு வருடம் முன்பு வரைக்கும் போனது. அந்த வருடம் நான் அவர் குலையை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, மூவாயிரம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஷிஜாவின் புருஷன் அடுத்த விலை கேட்கக் கையை எடுத்தான். ஷிஜா அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது குலையை அல்ல, எதிரே நின்ற கனகதாசின் வாயை.

கனகதாசுக்கு ஒரு குறை உண்டு. பொய் அவனுக்கு வராது. நாக்கு சம்மதித்தாலும் வாய் சம்மதிக்காது, கசக்கக் கசக்கப் பாவைக்காய்ச் சாற்றைக் குடித்தவன் மாதிரி இடது பக்கமாக ஒரு கோணல் கோணும். எந்தத் தோட்டத்தில் எந்தக் கிழமை என்ன அடித்தோம் என்று அவனுக்கு மனப்பாடம். தின்னக் கூடாத குலையை நான் தேவ நாமத்தில் மூவாயிரத்துக்கு விற்பதைப் பார்த்ததும் அவன் வாய் அவனைக் கேட்காமலே கோணிவிட்டது. ஷிஜா பக்கத்தில் சொன்னாள், பக்கத்தில் இருந்தவள் அதற்கடுத்தவளிடம் சொன்னாள். அன்றைக்கு மிச்ச ஏலம் முழுவதும் யாரும் சாமானைப் பார்க்கவில்லை. அவன் வாய் நேராக இருந்தால் விலை ஏறியது, கோணினால் படுத்தது. பறங்கிக்காய் ஒன்று ஏத்தன் குலையை முந்திப் போனது எங்கள் சபைச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஜெயதாஸ் அசனச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

மதிப்பு போனதோடு நின்றிருந்தால் அவர் பொறுத்திருப்பார். தாணுமாலயன் எங்கள் சபைக்காரர் அல்ல, ஆனாலும் ஏலத்துக்கு வந்து மாமரத்தடியில் நின்று ஒரு தேங்காய் எடுத்துவிட்டுப் போவார். அடுத்த வருட ஏலத்தில் அவர் கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. கனகதாசின் வாய் யார் சாமானுக்குக் கோணியதோ அவர்கள் சரக்குக்கு மறுநாள் சந்தையில் விலை குறைந்தது. தோட்டக்காரர்களுக்குக் கோபம் வந்தது. மருந்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கனகதாசைக் கூப்பிடுவதைக் குறைத்தார்கள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, களியக்காவிளைப் பக்கத்தில் இருந்து, வாய் கோணாத ஒருவனைக் கூட்டிவந்தார்கள். அவன் வராத நாளில் மட்டும் கனகதாசைக் கூப்பிட்டார்கள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. விமலகுமாரியின் வேலையை இவனே முடித்துவைத்தாயிற்று. மகள் ரெஷ்மா நெய்யாற்றின்கரையில் நர்சிங் கடைசி வருடம்.

இந்த வருடப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு ஜெயதாஸ் என் கடைக்கு வந்தார். கனகதாசையும் அங்கேயே வரச் சொன்னார். பையில் இருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார். சாதாரண மாஸ்க் அல்ல, இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக வடிகட்டி வைத்த விலை கூடிய சாதனம். மருந்தடிக்கும்போது போட வேண்டியது அதுதான். ஆனால் அவர் அதை வாங்கியது அதற்கு அல்ல.

"எலே கனகதாசே, ஏலம் முடியுத வரைக்கும் இத மூஞ்சியில இருந்து களட்டப்பிடாது," என்றார் ஜெயதாஸ். "களட்டாம இருந்தா, வருஷம் முழுக்க எனக்க நாலு ஏக்கரும் உனக்காக்கும். டாங்குக்கு இருவது ரூவா கூட. இந்த வாரமே வந்து அடிக்கத் தொடங்கு."

என்னை அவர் எதற்குச் சாட்சி வைத்தார் என்று எனக்குத் தெரியும். ஏலம் படுத்தால் அந்தக் காசை நம்பி இருக்கும் ஆலயக் கூரை வேலையும் படுக்கும். நல்ல யோசனைதான் என்று நானும் தலையை ஆட்டினேன். சொன்னேனே, பெருமையான பங்கு அல்ல.

கனகதாஸ் மாஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெயதாஸ் போன பிறகும் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. "இருவத்துநாலு வருஷத்தில எனக்க மூக்கப் பத்தி நெனச்ச ஒரே ஆளு அவராக்கும் அண்ணே," என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குத்தியது.

பண்டிகை அன்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் அந்தச் சாதனம். பாட்டுப் பாடும்போதும் கழற்றவில்லை. போதகர் பிரசங்கத்தின் நடுவில் இரண்டு தடவை அவனைப் பார்த்துத் தடுமாறினார். விமலகுமாரி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்க் எதற்கு என்று வீட்டில் கேட்டாளாம், இவன் சளி என்றானாம். வாய் கோணியிருக்கும், மறைந்திருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஏலம் தொடங்கியது. முதலில் ஒரு பீர்க்கங்காய். எல்லாக் கண்ணும் வழக்கம்போலக் கனகதாஸ் பக்கம் திரும்பியது. அங்கே வாய் இல்லை. இரண்டு வட்டமும் ஒரு மூக்குப் பாலமும்தான் இருந்தது. ஜனம் ஒரு நிமிடம் யோசித்தது. வாயையே மூடி வைத்திருக்கிறான் என்றால் உள்ளே எவ்வளவு கோணியிருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். பீர்க்கங்காய் பத்து ரூபாய்க்குப் போனது. அதுவும் போதகர் எடுத்தது. பாவைக்காய், வெள்ளரி, சேனை, ஒருவரும் வாய் திறக்கவில்லை. மருந்தே தெரியாத முட்டையைக்கூடக் கேட்பார் இல்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு ஜெயதாசின் குலை வந்தது. ஒருதரம் என்றேன். ஒருதரம் என்று ஏழு தடவை சொல்லியிருப்பேன், இரண்டுதரத்துக்குப் போகவே முடியவில்லை. தூக்கிப் பிடித்த இரண்டு பேரும் கை வலிக்கிறது என்றார்கள்.

இரண்டு வருட அவமானம் ஜெயதாசுக்கு மண்டையில் ஏறிவிட்டது. எழுந்து நின்றார். தன் தோட்டம் சுத்தம் என்றார். தேவ சந்நிதியில் சொல்கிறேன், கர்த்தருக்குக் கொண்டுவந்ததில் குறை வைக்கிறவன் அல்ல நான் என்றார். யாரும் அசையவில்லை. அந்த ஆவேசத்தில்தான் அவர் அந்தப் பிழையைச் செய்தார். சந்தேகம் உள்ளவர்கள் கனகதாசிடமே கேட்டுப் பாருங்கள், அவன்தானே அடிக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

பந்தல் மொத்தமும் திரும்பியது. கனகதாஸ் எழுந்தான். மாஸ்க்குக்குள் இருந்து என்னவோ சொன்னான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று பின்னால் இருந்து சத்தம் வந்தது. அவன் ஜெயதாசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பார்வையைக் குலைமேல் வைத்துக்கொண்டேன். அவனுடைய வருடம் முழுவதும் அந்த இரண்டு ரப்பர் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது அங்கே எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். கழற்றினான்.

"வியாழக்கெழமை அடிச்சதாக்கும்," என்றான். "பத்து நாளு கழிஞ்சு தின்னா ஒண்ணும் செய்யாது. அதுக்கு முன்ன நான் தின்ன மாட்டேன். எனக்க பிள்ளைக்கும் குடுக்க மாட்டேன்."

வாய் அப்போது நேராக இருந்தது.

ஷிஜா எழுந்து, அப்படியானால் அந்தப் பாவைக்காய் என்றைக்கு என்று கேட்டாள். அவன் சொன்னான். வெள்ளரி என்றார்கள், அதற்கும் சொன்னான். நான் ஆலயப் பள்ளியில் இருந்து சாக்பீஸ் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு சாமானிலும் தின்னத் தகுந்த தேதியை எழுதி ஏலத்தை மறுபடியும் ஆரம்பித்தேன். மருந்து படாத சேனை இரண்டாயிரத்துக்குப் போனது. ஜெயதாசின் குலைகூட எண்ணூறுக்குப் போனது, பழுக்கவே பத்து நாள் ஆகுமே என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். மொத்தத்தில் போன வருடத்தைவிட அதிகம். கமிட்டி என்னைப் பாராட்டியது. தாணுமாலயன் தன் நோட்டில் மூன்று பக்கம் எழுதினார்.

மறுநாள் கனகதாசை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஜெயதாஸ் எல்லைக்கு அப்பால் உள்ளவனுக்கு நாலு ஏக்கரையும் கொடுத்து, சரக்கைப் பாறசாலைக்கு அனுப்பாமல் தூரத்துச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கினார். மற்றவர்கள் வழியில் கனகதாசைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். ரப்பர் வெட்டக் கேட்டான், ஐம்பது வயதில் புதிதாகப் பழகினால் மரத்தை நாசமாக்குவாய் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் வந்து உட்கார் என்று சொன்னேன். வந்தான், இரண்டு நாளில் மெஷினில் காகிதத்தைச் சிக்கவைத்து அவனே எழுந்து போய்விட்டான்.

இதற்கிடையில் தாணுமாலயன் கடையில் ஒரு பலகை ஏறியது: மருந்தடிக்காத பயறு. விலை இரட்டிப்பு. முதலில் பிடித்துக்கொண்டவன் மீன் குளத்துச் சிபி. செத்த குளத்தைச் சுற்றியிருந்த நிலத்தில் பயறு போட்டான், சொட்டு மருந்து கிடையாது என்று சத்தியம் செய்தான். மருந்து இல்லை என்றால் களையைக் கையால்தான் பறிக்க வேண்டும். கையால் பறிக்க ஊரில் ஒரே கூட்டம்தான் உண்டு. விமலகுமாரி எட்டுப் பேரையும் திரட்டினாள். அதில் ஒருத்தி தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டதால் ஓர் ஆள் குறைந்தது. வீட்டில் சும்மா இருந்த ஆளை விமலகுமாரி ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாளாம். மறுநாள் காலையில் அவன் சோற்றுப் பாத்திரத்தோடு அவள் பின்னால் வரப்பில் நடந்தான்.

அவனுக்குக் களை பறிக்கத் தெரியவில்லை. இருபத்துநாலு வருடம் வரி பார்க்காமல் மொத்தத்தையும் கொன்று பழகியவன், எது பயறு எது புல் என்று குந்திப் பார்த்ததே இல்லை. முதல் நாள் கோரையோடு பத்துப் பயறுச் செடியையும் பிடுங்கி வரப்பில் வைத்தான். ஷிஜா அதை எடுத்து அவன் கண் முன்னால் ஆட்டிக் காட்டினாள். இரண்டாம் நாள் இடுப்பு நிமிரவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் பழகியது. ஆறு நாளும் பெண்கள் குந்திய வரிகளின் நடுவில் ஒரு வரியில் குந்தினான், அவர்கள் எழுந்தபோது எழுந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சிபி மொத்தக் கூலியையும் விமலகுமாரி கையில் கொடுத்தான். அவள் பம்ப் செட் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் பிரித்தாள். கனகதாஸ் தன் பங்கை எண்ணிப் பார்த்தான். நாளுக்கு அறுநூறு.

"ஆணுக்குத் தொள்ளாயிரம் இல்லியா விமலா?"

"வெட்டுகதுக்கும் சொமக்கதுக்கும் தொள்ளாயிரம். களை பறிக்கதுக்கு அறுநூறு."

"ஒரே வெயிலு தானே. ஒரே வரி தானே. நானும் ஏழு மணிக்குத்தானே எறங்கினேன்."

கால் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"இதத்தான் நான் இருவது வருஷமா கேட்டுட்டு வாறேன்," என்றாள் விமலகுமாரி. "நீங்க இண்ணைக்குத்தான் கேக்கிய."

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சிபி எனக்குப் போன் செய்தான். எட்டுப் பேரும் வந்து வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், வயலில் இறங்க மாட்டேன் என்கிறார்கள், விஷம் இல்லாத பயறு போட்டு நாட்டுக்கு நல்லது செய்கிறவனுக்கு இப்படியா என்று அழாத குறையாகச் சொன்னான். கனகதாஸ்தான் கிளப்பிவிட்டிருப்பான், அவனிடம் நான் பேசினால் கேட்பான் என்றான். கடையை அடைத்துவிட்டுப் போனேன். ஏழு பெண்கள், கடைசியில் கனகதாஸ், எல்லாரும் வரிசையாக வரப்பில் காலைத் தொங்கவிட்டு இருந்தார்கள். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சிபி பாவம், எழுநூற்றைம்பதுக்கு ஒத்துக்கொள்வான், நீ முதலில் இறங்கு, மற்றவர்கள் இறங்குவார்கள் என்றேன்.

"எனக்க கையில என்ன உண்டு அண்ணே," என்றான் கனகதாஸ். "நான் கூலிக்காரனாக்கும். அவ எறங்கச் சொன்னா எறங்குவேன்."

நான் விமலகுமாரியிடம் போனேன். அவள் தொள்ளாயிரம் என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பயறுக்கிடையில் கோரை முழங்கால் உயரம் நின்றது. கனகதாஸ் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். சிபி மேட்டில் நின்று போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.